இதை உண்பவர் கவனத்திற்கு

நெடுங்குகையில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. காலையில் எதிரெதிரே வருகிறவர்கள் சட்டைக் கையை மேலே இழுத்து மணிக்கட்டைக் காட்டிக்கொள்வார்கள். "என்ன நிறம்?" என்பார் ஒருவர். "பச்சைதான், உங்க புண்ணியத்துல" என்பார் மற்றவர். மஞ்சளாக இருப்பவர் கொஞ்சம் அசடு வழிவார். ஆரஞ்சாக இருப்பவர் சட்டைக் கையைத் தொடவே மாட்டார். ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல நடையைக் கூட்டிவிடுவார்.

நெடுங்குகை செவ்வாயின் தென்பகுதியில் இருந்தது. எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடி வடிந்துபோன நீண்ட குகை அது. இரண்டு வாயையும் அடைத்து, உள்ளே காற்றை நிரப்பி, ஊராக்கியிருந்தார்கள். அங்கே பிறந்தவர்களுக்கும் வந்து சேர்ந்தவர்களுக்கும் வலப்பக்க விலாவுக்குக் கீழே அரிசியளவுக் கருவி ஒன்றைப் பதித்துவிடுவார்கள். அதற்கு ஈரலறி என்று பெயர். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது அளந்து, மணிக்கட்டில் கட்டிய ஈரல்மணிக்குச் சொல்லும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கொழுப்பு. ஆரஞ்சு என்றால் ஈரல் இறுகத் தொடங்கிவிட்டது. சிவப்பு வந்தவர் மருத்துவமனைக்குப் போய் ஈரல்பொறி என்ற இயந்திரத்தின் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான், எழுந்து வருவது என்ற பேச்சே இல்லை. மாற்று ஈரல் கொடுக்க அங்கே ஆள் கிடையாது. பூமிக்கு அனுப்பலாம் என்றால், கெட்டுப்போன ஈரல் உள்ளவர் உடம்பு ராக்கெட் கிளம்பும்போது கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்காது.

ஈரல்மணியின் விளிம்பில் இன்னொரு சின்ன விளக்கும் உண்டு. வயிற்றில் அமிலம் சுரந்ததும் அது நீலமாக மினுங்கும். அதைப் பசிவிளக்கு என்றார்கள். உண்மையான பசி எது, பொழுதுபோகாமல் வரும் பசி எது என்று ஜனங்கள் பிரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் வைத்தார்கள். நீலம் வந்துவிட்டால் எதையாவது தின்னலாம் என்பதை மட்டும் ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள்.

அன்று காலை ஆவுடையப்பன் இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு கேழ்வரகுக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தான். குகையை மேலும் மேலும் குடைந்து நீட்டுகிற துளைப்பொறியை ஓட்டுவது அவன் வேலை. எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி செண்பகவல்லி மருத்துவமனையின் குடல், ஈரல் பிரிவுக்குத் தலைவி. ஊர் மன்றத்திலும் ஓர் உறுப்பினர். எடுத்த காரியத்தை விடாதவள். அவளோடு வாதாடி ஜெயிப்பதைவிடக் குகையை நகத்தால் தோண்டிவிடலாம் என்று ஆவுடையப்பன் சொல்வான். தோண்டுகிற வேலை தெரிந்தவன் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

"கையை எடுங்க" என்றாள்.

"கை அங்கனதான் இருக்கு. எங்க போயிரப் போவுது?"

"மேல எடுங்கன்னு சொல்லுதேன்லா."

அவன் எடுத்து மேசைமேல் வைத்தான். ஈரல்மணி ஆரஞ்சாக எரிந்தது.

ஏச்சு விழும் என்று ஆவுடையப்பன் காத்திருந்தான். செண்பகவல்லி அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஆரஞ்சுக்குப் பிறகு என்ன வரும், எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை அவள் தினமும் பார்க்கிறவள். மருத்துவமனையில் இருந்த ஈரல்பொறிகள் எல்லாவற்றின் பக்கத்திலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். கணவனை அந்த வரிசையில் நினைத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நாளையிலருந்து விட்டுருதேன்ளா" என்றான் அவன், மெதுவாக.

"எத்தனை வருசமா இதையே சொல்லுதிய? அது ஒரு சாப்பாடா? பசியை அடக்குதா அது? வளர்க்கத்தான செய்யுது! ஈரல் பூராக் கொழுப்பா நிறைஞ்சு, இப்ப கல்லாவுது. கொஞ்சமாவது யோசிச்சுப் பாத்தியளா?"

அவள் பேசப் பேச ஆவுடையப்பனின் பசிவிளக்கு நீலமாக மினுங்கியது.

"இப்பத்தான கூழு குடிச்சிய! அதுக்குள்ள என்ன பசி?"

"நான் என்ன செய்ய? நீ ஏச ஆரம்பிச்சாலே எனக்குப் பசிக்குது" என்றான் அவன் பரிதாபமாக.

திருடனுக்கு ஏதாவது ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டு அவள் எழுந்துவிட்டாள். அவன் சொன்னது உண்மை என்பது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

அவர்கள் பேச்சின் நடுவே பெயர் சொல்லாமலே கிடந்த பொருளின் பெயர் பொற்சுருள். குகையின் கிழக்குக் கோடியில் இருந்த உணவாலையில் அதைச் செய்தார்கள். தொட்டிகளில் வளரும் பாசியைக் காயவைத்துப் பொடியாக்குவார்கள். பொடியிலிருந்து மாவு வேறு, எண்ணெய் வேறு, புரதம் வேறாகப் பிரிப்பார்கள். பிறகு பிரித்ததையெல்லாம் மறுபடி ஒட்டவைத்து, நிறமேற்றி, மணமேற்றி, ஊதிப் பொரித்து, மஞ்சள் சுருள்களாக வெட்டுவார்கள். பாசிக்கு இதில் என்ன வேலை இருந்தது என்று பாசிக்கே தெரியாது. வாயில் போட்டதும் நொறுங்கிக் கரைந்துவிடும். வயிற்றுக்குத் தான் நிறைந்தோம் என்ற செய்தி போய்ச் சேர்வதற்குள் உறை காலியாகிவிடும்.

இதை நிறுத்த வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன்பே செண்பகவல்லி மன்றத்தில் நின்று சண்டை போட்டாள். தடை செய்தால் ஆலைத் தொழிலாளர்கள் என்ன ஆவார்கள் என்றார் ஒருவர். மூன்று வேளையும் அடுப்புமூட்ட நேரமில்லாத துளைப்பொறிக்காரர்கள் எதைத் தின்பார்கள் என்றார் இன்னொருவர். ஜனங்கள் என்ன பச்சைக் குழந்தைகளா, விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவர்களே முடிவு செய்துகொள்ள மாட்டார்களா என்றார் மன்றத் தலைவர் கோமதிநாயகம். அவர் யார் மனமும் நோகாமல் எந்தக் காரியத்தையும் பாதியில் நிறுத்தி முடிப்பதில் கைதேர்ந்தவர். கடைசியில் எச்சரிக்கை ஒன்று போதும் என்று தீர்மானமாயிற்று.

போதும் என்றதை செண்பகவல்லி உருப்படியாகச் செய்யவைத்தாள். பொடி எழுத்தில் அச்சடித்து உறையின் முதுகில் ஒளித்துவைக்கிற எச்சரிக்கையை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பேசுறை என்ற ஒன்றைச் செய்யச் சொன்னாள். தொட்டதும் உறை பேச ஆரம்பிக்கும். முழுவதையும் பேசி முடிக்கும்வரை என்ன இழுத்தாலும் திறக்காது. பேச்சு முடிந்த நொடியில் தானே பிளந்துகொள்ளும். இயந்திரக் குரல் வைத்தால் ஆலைக்காரர்கள் அதை முணுமுணுப்பாக்கி ஒப்பேற்றிவிடுவார்கள் என்று, தன் குரலையே பதிந்து கொடுத்தாள். ஒரு சொல் தெளிவில்லை என்று பட்டாலும் அழித்துவிட்டுத் திரும்பப் பேசினாள். அப்படிப் பதிந்தது இது:

"இதை உண்பவர் கவனத்திற்கு. இந்த உறைக்குள் இருப்பது உணவைப் போலத் தோன்றும் ஒரு பொருள். இது உங்கள் பசியை அடக்காது, வளர்க்கும். உங்கள் ஈரலைக் கொழுப்பால் நிரப்பும். இனியாவது யோசியுங்கள்."

உடனே 'டப்' என்று உறை பிளக்கும். பொரித்த வாசனை குப்பென்று மூக்கில் ஏறும்.

முதல் மாதம் விற்பனை கொஞ்சம் இறங்கியது. பிறகு ஏறியது. பிறகு இறங்கவே இல்லை. ஜனங்கள் உறையோடு சேர்ந்து எச்சரிக்கையைத் தாங்களும் சொன்னார்கள். துளைப்பொறிக்காரர்கள் "கொழுப்பால் நிரப்பும்" என்ற இடத்தில் கையுறையைக் கழற்றி, "யோசியுங்கள்" என்ற இடத்தில் விரலைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

இந்த முறை பாதியில் விடுவதாக அவள் இல்லை. கணவனின் ஆரஞ்சைப் பார்த்த அன்றே முழுத்தடை கேட்டு மன்றத்தில் தீர்மானம் கொடுத்தாள். வேலை முடிந்ததும் உறுப்பினர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் பிடிகொடுக்காமல் பேசினார்கள். அவர்கள் வீட்டுக்கு மறுநாளும் போனாள். ஒருவர் அவள் வருவதைப் பார்த்துக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். அவர் வெளியே வரும்வரை அவர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்து சம்மதம் வாங்கிவந்தாள். தீர்மானம் எடுக்கும் நாள் வந்தபோது பாதிக்கும் மேற்பட்டவர்கள் அவள் பக்கம் இருந்தார்கள்.

மன்றத்தில் வாக்கு ஈரல்மணி வழியாகவே பதிவாகும். அதனால் உறுப்பினர்கள் கையை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பார்வையாளர் வரிசையும் நிரம்பியிருந்தது. ஆவுடையப்பன் கடைசி வரிசையில், கையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உணவாலையின் சார்பில் அதன் மேலாளர் திருமேனி வந்திருந்தார். குரலை உயர்த்திப் பேசியே அறியாத மனிதர். எழுந்து நின்று கைகூப்பினார்.

"நான் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க. டாக்டரம்மா எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டுங்க. ஒலிபெருக்கியை மட்டும் கொஞ்சம் அவங்களுக்குக் கிட்டக்க வெச்சுக் குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எதிராளி இவ்வளவு மரியாதையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். செண்பகவல்லிக்கு அன்று அதற்கு நேரமில்லை. குகைக்குள் எதிரொலி அதிகம் என்பதால் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகப் பேசத் தொடங்கினாள்.

"நாம் பேசப்போவது உணவைப் போலத் தோன்றும் ஒரு பொருளைப் பற்றி..."

கோமதிநாயகத்தின் மணிக்கட்டில் நீலம் மினுங்கியது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் மினுங்கியது.

"அது பசியை அடக்காது, வளர்க்கும்..."

மேசை முழுவதும் நீலமாயிற்று. பார்வையாளர் வரிசையில் முன்னாலிருந்து பின்னால்வரை நீலப் புள்ளிகள் பற்றிக்கொண்டு போயின. யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. குளியலறையில் ஒளிந்தவரின் விரல்கள் மேசைமேல் எதையோ பிரிப்பதுபோல அசைந்தன.

செண்பகவல்லி பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. "ஈரலைக் கொழுப்பால்..." என்று வேண்டுமென்றே ஆரம்பித்துப் பார்த்தாள். எல்லாம் திரும்ப எரிந்தன. அவள் மருத்துவர், விளக்கம் தேவைப்படவில்லை. சோற்றுக்கு முன்னால் தினமும் மணியடித்தால், பிறகு வெறும் மணிக்கே வாயூறும் நாய்களைப் பற்றி முதலாம் ஆண்டிலேயே படித்திருந்தாள். வருஷக்கணக்காக ஊருக்கே அடித்துவந்த மணி தன் தொண்டைதான் என்பது இப்போதுதான் புரிந்தது. கூழ் குடித்த அன்று காலையில் ஆவுடையப்பன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. வெட்கமும் ஆத்திரமுமாக முகம் சூடேறியது.

"ஒரு சின்ன இடைவேளை விட்டுக்கிடுவோமே" என்றார் கோமதிநாயகம், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

வாசலில் இருந்த பொற்சுருள் கடையை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே சமயத்தில் பல உறைகள் பேசின. முன்னும் பின்னுமாக அவள் குரலே அவளைச் சுற்றி நின்று, இனியாவது யோசியுங்கள், யோசியுங்கள் என்றது. 'டப் டப்' என்று உறைகள் பிளந்தன. திருமேனி மட்டும் எதையும் தின்னாமல் நின்று அவளைப் பார்த்துப் பணிவாகத் தலையசைத்தார்.

விரலைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்கள் தடைக்கு எதிராக வாக்களித்தார்கள். முன்பு அவளிடம் சம்மதம் சொல்லியிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்கள். எச்சரிக்கைதான் இருக்கிறதே, அதற்கு மேலும் தடை செய்வது ஜனங்களை அவமதிப்பது என்று கோமதிநாயகம் முடித்துவைத்தார்.

செண்பகவல்லி உட்காரவில்லை.

"சரி. அப்படின்னா அந்த எச்சரிக்கையை எடுத்துருங்க. என் குரல் இனிமே அதுல வேண்டாம்" என்றாள்.

திருமேனி துள்ளி எழுந்தார். அவர் குரல் உயர்ந்ததை ஊர் அன்றுதான் கேட்டது.

"அதெப்படிங்க எடுக்கறது? ஜனங்களோட உடம்பு என்னத்துக்கு ஆகறது? எச்சரிக்கையில்லாம ஒரு பொருளை விக்கறதுக்கு எங்க மனசாட்சி எடம் குடுக்காதுங்க! தின்னற எதுவா இருந்தாலும் அதுல இருக்கற ஆபத்தைச் சொல்லித்தாங்க விக்கணும்!"

மன்றம் கைதட்டியது. மருத்துவரே எச்சரிக்கையை எடுக்கச் சொல்கிறாரே, காலம் கெட்டுப்போயிற்று என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

செண்பகவல்லி கைதட்டல் அடங்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள்: "தின்னுத எதுவா இருந்தாலுமா?"

"எதுவா இருந்தாலும்ங்க!"

"தலைவர் குறிச்சுக்கிடுங்க. தோட்டத்துல இருந்து வர்ற கீரை, பட்டாணி எல்லாத்துக்கும் இதே பேசுறை போடணும். அதுலயும் ஆபத்து இருக்கு. நான் டாக்டர், எனக்குத் தெரியும். இல்லாததை நான் சொல்ல மாட்டேன்."

குகைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட சூரியகலா பதறிப்போய் எழுந்தாள். விளக்கொளியில் வளர்த்த பயிரை ஈரம் போகாமல் பையிலிட்டுக் கடைக்கு அனுப்புகிறவள் அவள். வாங்குவாரில்லாமல் பாதி அழுகித் திரும்பிவரும். பைகளில் 'உடம்புக்கு நல்லது' என்று பெரிதாக எழுதியிருந்தது. "யக்கா, இப்பவே ஒருத்தரும் தொட மாட்டேங்காவ. அதுலயும் பயங்காட்டினா நான் எங்க போவேன்?" என்றாள். செண்பகவல்லி அவளைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

திருமேனி ஒரு நிமிஷம் யோசித்தார். இப்போதுதான் மார்தட்டியதை உடனே மாற்றிப் பேச முடியாது. தவிர, கீரையின் மேல் நாலு பழி விழுந்தால் ஆலைக்கு நல்லதுதானே என்றும் பட்டது. "நியாயந்தானுங்க" என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

செண்பகவல்லி மறுநாளே பதிவறைக்குள் போய் உட்கார்ந்தாள். முதல் வரியையும் கடைசி வரியையும் பழையபடியே பேசினாள். நடுவில் உண்மையைத் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. கீரைப் பை இப்படிப் பேசியது: "இதை உண்பவர் கவனத்திற்கு. இதில் உள்ள ஒருவகை உப்பு ஒருசிலருக்குச் சிறுநீரகத்தில் கல்லை உண்டாக்கலாம். இனியாவது யோசியுங்கள்." பட்டாணிப் பை இப்படி: "இதை உண்பவர் கவனத்திற்கு. இது வயிற்றில் காற்றை நிரப்பும். மூடிய குகையில் உங்களோடு வாழ்கிறவர்களைப் பற்றி இனியாவது யோசியுங்கள்." முடிந்ததும் 'டப்' என்று பை பிளந்து பச்சை வாசனை வந்தது.

'உடம்புக்கு நல்லது' என்ற எழுத்தை எல்லாப் பைகளிலிருந்தும் அழிக்கச் சொன்னாள்.

முதலில் பட்டாணி போயிற்று. அதில் அப்படி என்னதான் ஆபத்து என்று பார்ப்பதற்காக வாங்கினார்கள். குரலைக் கேட்டதும் வாயூறியது, கையில் இருந்ததைத் தின்றார்கள். துளைப்பொறிக்காரர்கள் யாருக்குத் துணிச்சல் அதிகம் என்று பந்தயம் வைத்துத் தின்றார்கள். மெல்ல வேண்டியிருந்ததால் நேரம் பிடித்தது, வயிறும் நிறைந்தது. நிறைந்த வயிற்றில் பொற்சுருளுக்கு இடம் குறைந்தது. கீரையை ஒளித்து வாங்கிப்போகிறவர்களை சூரியகலா முதல்முறையாகப் பார்த்தாள். தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் அவர்கள் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். இன்னொரு தோட்டத்துக்கு இடம் குடைய வேண்டியதாயிற்று. அதைக் குடைந்தவன் ஆவுடையப்பன்தான்.

திருமேனி ஊர் போகிற போக்கைப் பார்த்தார். ஜனங்களுக்கு ஆரோக்கியத்தில் ஆசை வந்துவிட்டது என்று முடிவுகட்டினார். நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் தூவிய நலச்சுருள் என்ற ஒன்றைச் செய்துகொண்டு செண்பகவல்லியைத் தேடி மருத்துவமனைக்கே வந்தார்.

"இது சத்துள்ளதுங்க டாக்டரம்மா. இதுக்கு எச்சரிக்கை வேண்டாம்னு மன்றத்துல ஒரு வார்த்தை சொல்லோணும். அதுக்குப் பதிலா ஒரு நல்ல பாட்டுக்காரம்மா குரல்ல 'உடம்புக்கு நல்லது'ன்னு சொல்ல வெச்சுடறோம்."

அவள் அவரை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "தாராளமா. பொற்சுருளுக்கும் அதையே சொல்லவச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல. என் குரலை எடுத்துட்டா போதும்" என்றாள். அவர் கண்கலங்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். இரண்டு சுருளும் இப்போது ஆலையின் கிடங்கில் உடம்புக்கு நல்லது, உடம்புக்கு நல்லது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு கிடக்கின்றன.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பிய செண்பகவல்லி குகைக்கு வெளியே போகும்போது அணிகிற காற்றுடைகளை மாட்டும் அறைக்குள்ளிருந்து தன் குரல் தணிவாக வருவதைக் கேட்டாள். கதவைத் திறந்தாள். தொங்கும் உடைகளுக்கு நடுவே ஆவுடையப்பன் குந்தி உட்கார்ந்திருந்தான். கன்னம் உப்பியிருந்தது. மடியில் பட்டாணிப் பை பிளந்து கிடந்தது. மணிக்கட்டில் ஆரஞ்சு போய் மஞ்சள் வந்து, அதிலும் ஓரமாகப் பச்சை தட்டியிருந்தது. அவள் அந்தப் பச்சையை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அதைக் காட்டிக்கொள்ளாமல் குரலை உயர்த்தினாள்.

"என்ன செய்யுதிய இங்கன? வயித்தைப் பத்தி யோசிச்சியளா? வீட்டுல கூட இருக்கவளைப் பத்தி யோசிச்சியளா?"

பசிவிளக்கு பளிச்சென்று எரிந்தது. அவன் அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"சத்தியமாச் சொல்லுதேன்ளா. நாளையிலருந்து விட்டுருதேன்."

"விட்டாச் சரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் இந்த வாக்கை ஒருமுறைகூடக் காப்பாற்றியதில்லை என்பதை நினைத்துக்கொண்டு, செண்பகவல்லி நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினாள்.